அக்கா வீட்டைக் காலி செய்யும் முன்

கேள்வி:

வணக்கம் அம்மா. என் அக்காவுக்கு 36 வயது. மாமா இறந்து 14 மாதம் ஆகிறது. 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அக்கா தையல் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாடகைக்கே போய்விடுகிறது. இரண்டு மாத வாடகை பாக்கி. அடுத்த மாதம் முடிவதற்குள் காலி செய்துவிடும்படி வீட்டுக்காரர் வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் மனைவி, கைக்குழந்தையோடு ஒற்றை அறையில் இருக்கிறேன். "உன் வீட்டுக்கு வந்து உங்களை நெருக்க மாட்டேன். யாரிடமும் கை நீட்டவும் மாட்டேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும், ஊருக்கு வெளியே குறைந்த வாடகையில் ஏதாவது பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாள். குறைந்த வாடகை வீட்டை எப்படித் தேடுவது? உதவி கேட்க யாரிடம் போவது?

— ஒரு தம்பி

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது தேதியைத்தான். அடுத்த மாதம் முடிவதற்குள் என்றால் கையில் இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. வீடில்லாதவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் 22 வருடங்களாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சாமான்களை ஏற்கெனவே வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த நிலையில் அன்று இரவு படுக்க ஓர் இடம் தேடுவதிலேயே எல்லார் சக்தியும் போய்விடும். உங்கள் அக்கா இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. இந்தச் சில வாரங்கள்தான் அவருடைய பெரிய சொத்து. அவற்றை வீடு தேடி அலைவதற்கு மட்டும் செலவழித்துவிடாதீர்கள்.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. சட்டங்களின் பெயரும் அலுவலகங்களின் பெயரும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் போக வேண்டிய வழி பெரும்பாலும் ஒன்றேதான்.

முதலில், வீட்டுக்காரர் வாயால்தான் சொல்லியிருக்கிறார். வாடகைச் சட்டம் உள்ள பெரும்பாலான நாடுகளில் ஒருவரை வீட்டை விட்டு வெளியேற்ற எழுத்தில் அறிவிப்பு, அதில் குறிப்பிட்ட கால அவகாசம், அதற்குமேல் நீதிமன்றம் அல்லது தீர்ப்பாயத்தின் உத்தரவு என்று படிப்படியான முறை இருக்கிறது. பூட்டை மாற்றுவதும், மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதும், சாமானை வெளியே வைப்பதும் பல நாடுகளில் சட்டவிரோதம். ஆகவே அக்கா இப்போதைக்குச் சாவியைக் கொடுக்க வேண்டாம். "இந்தத் தேதியில் காலி செய்கிறேன்" என்று எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். கைபேசியில் அப்படி ஒரு செய்தி அனுப்பவும் வேண்டாம். இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து குடியிருக்கக்கூடிய வீட்டை ஒருவர் தானாகவே விட்டுவிட்டு வந்தார் என்று அங்கே உள்ளாட்சி முடிவு செய்தால், அவருக்கு நிரந்தர வீடு பார்த்துக் கொடுக்கும் பொறுப்பிலிருந்து அது விலகிக்கொள்ளலாம். மானத்துக்கு அஞ்சி முன்கூட்டியே வெளியேறியவர்கள் அதனாலேயே உதவியை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்த தவறு, யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று நினைத்தது மட்டும்தான்.

வீட்டில் இருந்துகொண்டே உதவி கேட்பது பேராசை என்று அக்கா நினைக்கலாம். சட்டமே அப்படி நினைக்காத இடங்கள் உண்டு. அதே இங்கிலாந்தில் முன்பு 28 நாளுக்குள் வீடிழக்கப் போகிறவரைத்தான் உள்ளாட்சி கவனிக்கும். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை 56 நாளாக்கியது. வீடு போனபின் தேடுவதைவிட, போகாமல் தடுப்பது குடும்பத்துக்கும் நல்லது, அரசுக்கும் செலவு குறைவு என்பதே காரணம்.

அடுத்தது வாடகைப் பாக்கி. இரண்டு மாதப் பாக்கியை மொத்தமாகக் கட்ட முடியாது என்பதால் அக்கா வீட்டுக்காரர் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டிருப்பார் என்றே ஊகிக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அந்த மௌனத்தைத்தான் வீட்டுக்காரர் ஏமாற்றாக எடுத்துக்கொள்கிறார். இந்த வாரமே எழுத்தில் ஒரு நாலு வரி போகட்டும்: "கணவர் இறந்தபின் ஒரே சம்பளத்தில் குடும்பம் நடக்கிறது. இந்த மாத வாடகையை இந்தத் தேதியில் தருகிறேன். பாக்கியில் மாதம் இவ்வளவு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். வாடகை உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்; முடிவு தெரிந்ததும் சொல்கிறேன்." கட்ட முடிகிற தொகையை மட்டும் எழுதச் சொல்லுங்கள். சிறிய தொகையானாலும் சொன்ன தேதியில் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுத்தால் வங்கி வழியாக அனுப்புங்கள். பின்னால் எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் "இவர் கட்ட முயன்றவர்" என்று காட்டப்போவது அந்தச் சீட்டுத்தான்.

இப்போது அக்காவின் யோசனைக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே குறைந்த வாடகை வீடு. கேட்கும்போது சரியாகத்தான் படும். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதிப் பாருங்கள். ஒன்றில் இப்போதைய வீடு, மற்றதில் புது வீடு. வாடகை மட்டுமல்ல: மின்சாரம், தண்ணீர், வேலைக்குப் போய்வரும் செலவு, பிள்ளைகளின் பள்ளிப் பயணம், அக்கா வீடு திரும்பும்வரை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுப்பது, முன்பணம், வீடு மாற்றும் செலவு, எல்லாவற்றையும் எழுதுங்கள். இதே கணக்கை என் மேசையில் போட்டுப் பார்த்த ஒரு தாய்க்கு, வாடகையில் மிச்சமானது முழுவதும் இரண்டு பேருந்துப் பயணத்திலேயே போய்விடும் என்று தெரிந்தது. அதற்குமேல் தினமும் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் பிள்ளைகளைக் கவனிக்கும் நேரத்திலிருந்துதான் போக வேண்டும். அந்தத் தாய் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, பென்சிலை வாங்கி 'பயணம்' என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

வீடு எட்டிய விலையில் இருக்கிறதா என்பதற்குப் பலரும் சொல்லும் அளவு, வருமானத்தில் 30 சதவீதம். அமெரிக்காவில் 1969-ல் பொது வீடுகளில் குடியிருப்போரின் வாடகைக்கு வருமானத்தின் 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1981-ல் அது 30 ஆனது. அங்கிருந்து பரவிய அளவுதான் இது. அக்கா கட்டுவது 66 சதவீதத்துக்கு மேல். குருவி தலையில் பனங்காய். ஆனால் குறைந்த வருமானத்தில் இருப்பவருக்கு இந்தச் சதவீதத்தைவிட நான் நம்பும் கேள்வி வேறு: வாடகை கட்டியபின் கையில் நிற்கும் பணத்தில் மாதக் கடைசிவரை பிள்ளைகள் வயிறார உண்ண முடியுமா, மருந்து வாங்க முடியுமா? 1991-ல் ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைக் குழு தகுந்த வீடு என்றால் என்ன என்று விளக்கி வெளியிட்ட 'பொதுக் கருத்து 4' என்ற ஆவணமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. வீட்டுச் செலவு மற்ற அடிப்படைத் தேவைகளை விழுங்கக்கூடாது என்கிறது அது. அதில் சொல்லப்பட்ட ஏழு கூறுகளில் இருப்பிடமும் ஒன்று: வேலை, பள்ளி, மருத்துவமனை எட்டும் தொலைவில் இல்லாத வீடு தகுந்த வீடாகாது. கணக்குப் போட்டபின்னும் வெளியூர் வீடுதான் மேல் என்று வந்தால் தாராளமாகப் போகட்டும். கணக்குப் போடாமல் போக வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

எங்கே போய்க் கேட்பது என்றீர்கள். உதவி ஒரே வரிசையில் கிடைப்பதில்லை, தம்பி. மூன்று தனித்தனி வரிசைகள் இருக்கின்றன. ஒன்றில் நின்றுவிட்டு "கேட்டாயிற்று, இல்லை என்றுவிட்டார்கள்" என்று திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். இருக்கிற வீட்டைக் காப்பாற்றிக் கொடுக்கும் பணம் ஒரு வரிசை: வாடகை உதவித்தொகை, பாக்கி தீர்க்க ஒருமுறை உதவி, முன்பணக் கடன், கணவரை இழந்தவருக்கான உதவித்தொகை, குழந்தைகளுக்கான உதவித்தொகை. இவை பெரும்பாலும் சமூக நலத் துறையிடமும் உள்ளாட்சியிடமும் இருக்கும்; தொண்டு நிறுவனங்களும், வழிபாட்டுத் தலங்களைச் சார்ந்த அறக்கட்டளைகளும், தொழிலாளர் நல நிதியும் கொடுப்பதுண்டு. மாமா வேலை பார்த்த இடத்தில் சேம நிதி, காப்பீடு, குடும்ப ஓய்வூதியம் ஏதாவது கோரப்படாமல் கிடக்கிறதா என்று உடனே விசாரியுங்கள். 14 மாதம் ஆகியும் அந்தக் கதவைத் தட்டாத குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். துக்கத்தில் யாருக்கும் அது தோன்றுவதில்லை.

குறைந்த வாடகைக்கு அரசோ வாரியமோ லாபநோக்கமற்ற வீட்டுச் சங்கமோ கொடுக்கும் நிரந்தர வீடு இன்னொரு வரிசை. அது நீளமானது, வருடக்கணக்கில் ஆகலாம். அதனாலேயே இன்றே பெயரைப் பதிய வேண்டும். பல இடங்களில் விண்ணப்பித்த தேதி எண்ணப்படும். சில இடங்களில் தேவையின் தீவிரத்துக்குப் புள்ளி கொடுப்பார்கள். மூன்றாவது, அவசரத் தங்குமிடம்: இரவுத் தங்குமிடம், குடும்பங்களுக்கான தற்காலிக விடுதி, பணிபுரியும் பெண்களுக்கான விடுதி, வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான பாதுகாப்பு இல்லம். இது அக்காவுக்கு இப்போது தேவையில்லை, தேவைப்படாமலே போகட்டும். ஆனால் பிள்ளைகளோடு சேர்த்து எடுத்துக்கொள்ளும் இடம் எது, 11 வயதுப் பிள்ளை பையன் என்றால் அவனையும் உடன் வைத்துக்கொள்வார்களா என்று பகல் வெளிச்சத்தில், நிதானமாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் விடுதிகளில் பையன்களுக்கு வயது வரம்பு வைப்பதுண்டு. நள்ளிரவில் வாசலில் நின்றுகொண்டு அதைத் தெரிந்துகொள்ளும் தாயின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு வரிசைகளிலும் ஒரே வாரத்தில் விண்ணப்பியுங்கள். ஒன்றில் பதிவது மற்றதைக் கெடுக்காது. எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் உள்ளாட்சி அலுவலகத்தின் சமூக நலப் பிரிவிலிருந்தோ இலவச சட்ட உதவி மையத்திலிருந்தோ தொடங்குங்கள். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்தால் 211 என்ற எண்ணை அழைத்தாலே அருகிலுள்ள உதவிகளைச் சொல்வார்கள். பள்ளியையும் மறந்துவிடாதீர்கள். தலைமை ஆசிரியரோ பள்ளியின் சமூகப் பணியாளரோ எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதம் நாம் பத்து முறை சொல்வதைவிடக் கனமாக நிற்கும்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். இத்தனை வருடத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா வந்தார். மூன்று பிள்ளைகளோடு எட்டு மாதமாக ஐந்து உறவினர் வீடுகளில் மாறி மாறித் தங்கியவர். வீட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. படிவத்தை வாங்கிப் பார்த்தேன். 'தற்போதைய வசிப்பிடம்' என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் "சித்தப்பா வீடு" என்று எழுதியிருந்தார். 'அங்கு எவ்வளவு காலம் தங்க முடியும்' என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "பத்து நாளில் போகச் சொல்லிவிட்டார்கள். அதை எப்படி எழுதுவது? சித்தப்பாவுக்கு அவமானம் இல்லையா?" என்றார். படிவத்தைப் பார்த்த அலுவலருக்கு அவர் வீடுள்ளவராகத் தெரிந்தார். அந்த அலுவலர் மீதும் பிழை சொல்ல முடியாது. அவர் முன்னால் இருந்தது அந்தத் தாள்தான். மறுபடி விண்ணப்பித்தோம். "நிரந்தர வீடு இல்லை. 8 மாதத்தில் 5 இடம் மாறியிருக்கிறேன். இப்போது இருக்கும் வீட்டில் இந்தத் தேதிவரைதான் தங்க முடியும். ஒரே அறையில் 9 பேர் படுக்கிறோம்" என்று எழுதி, சித்தப்பாவிடமே ஒரு கடிதமும் வாங்கி இணைத்தோம். அவர் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தார். இதில் அவமானம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இரண்டாம் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

வீடில்லாமை என்றால் நடைபாதையில் படுப்பது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தத் துறையில் ஐரோப்பாவில் 2005-லிருந்து பயன்பாட்டில் உள்ள ஈதோஸ் என்ற வகைப்பாட்டில், போக்கிடம் இல்லாமல் உறவினர், நண்பர் வீட்டில் தற்காலிகமாக ஒண்டியிருப்பதும் நிலையற்ற குடியிருப்பாகவே வருகிறது. வெளியேற்ற அறிவிப்போடு வாடகை வீட்டில் இருப்பதும் அதில் சேரும். ஆகவே அக்கா எந்தப் படிவத்திலும் "சமாளித்துக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதக்கூடாது. நம் மொழியில் அது கண்ணியமான சொல். படிவத்தில் எழுதினால் உதவி தேவையில்லை என்று படித்துவிடுவார்கள். எத்தனை மாதப் பாக்கி, எந்தத் தேதிக்குள் வெளியேறச் சொன்னார்கள், வாடகை போக எவ்வளவு மிஞ்சுகிறது, பிள்ளைகளுக்கு என்ன வயது, யாருக்காவது நோய் உண்டா? உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். கூட்டியும் எழுத வேண்டாம். பொய் ஒன்று பிடிபட்டால் மெய் பத்தும் போய்விடும்.

எல்லா ஆவணங்களையும் ஒரே பையில் போடுங்கள். வாடகை ஒப்பந்தம், ரசீதுகள், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டைகள், மாமாவின் இறப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிக் கடிதம். எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்து உங்களிடமும் ஒரு நகல் வைத்திருங்கள். விண்ணப்பத்தில் கொடுக்கும் முகவரியும் எண்ணும் மாறாததாக இருக்கட்டும். உங்கள் முகவரியையே கொடுக்கலாம். மூன்று வருடம் வரிசையில் காத்திருந்து, பழைய வீட்டுக்குப் போன கடிதத்துக்குப் பதில் வராததால் பெயர் நீக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

தனியாரிடம் வீடு தேடுவதும் பக்கத்திலேயே நடக்கட்டும். வீட்டை நேரில் பார்க்காமல், சாவி கைக்கு வராமல், ஒப்பந்தம் இல்லாமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். "வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்றால் அது மோசடி. அரசு வீடு வாங்கித் தருகிறேன் என்று தரகுப்பணம் கேட்பவரையும் நம்ப வேண்டாம். வீட்டு வரி ரசீதில் உள்ள பெயரும் பணம் வாங்குகிறவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். விளம்பரத்துக்கு வராத வீடுகள்தான் பெரும்பாலும் மலிவானவை. அக்காவோடு வேலை செய்பவர்கள், பள்ளி வாசலில் நிற்கும் மற்ற தாய்மார்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் வழியாக அவை தெரியவரும்.

உங்கள் ஒற்றை அறை பற்றி. அக்கா வர மாட்டேன் என்கிறார். நீங்கள் உள்ளூர வருந்துகிறீர்கள் என்று எழுத்திலேயே தெரிகிறது. கடைசி நேரத்தில் வந்துதான் ஆக வேண்டும் என்றால் வரட்டும், தெருவைவிட உங்கள் அறை மேல். ஆனால் முதலில் உங்கள் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். கூடுதலாக ஆள் தங்குவதால் உங்கள் வீடும் ஆட்டம் காணக்கூடாது. வருவதற்கு முன்பே "இன்ன தேதிவரை, தற்காலிகமாக" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுங்கள். அன்பில்லாத காரியம் போல இருக்கும். அந்தச் சித்தப்பா எழுதிய கடிதமும் இதே வகைதான்.

கடைசியாக, கை நீட்ட மாட்டேன் என்கிற அக்காவுக்கு நேராகவே சொல்கிறேன். அவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அம்மா, 1948-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ம் பிரிவு, உணவு, உடை, மருத்துவத்தோடு வீட்டையும் சேர்த்துச் சொல்கிறது. அதே பிரிவில், தன் கையை மீறிய காரணத்தால் பிழைப்பு தடுமாறும்போது பாதுகாப்புப் பெறும் உரிமை உள்ளவர்களின் பட்டியல் ஒன்று வருகிறது: வேலையிழந்தவர், நோயுற்றவர், மாற்றுத்திறன் உள்ளவர், கணவனையோ மனைவியையோ இழந்தவர், முதியவர். உங்களை நினைத்தே எழுதியது போல இருக்கிறது. நீங்கள் பிடித்து நிற்கப்போவது யாருடைய தயவையும் அல்ல. வேலை நிலைக்கட்டும், கடன் அடையட்டும், அப்புறம் வீட்டைப் பார்க்கலாம் என்றும் தள்ளிப்போடாதீர்கள். 1992-ல் நியூயார்க்கில் தொடங்கிய 'முதலில் வீடு' என்ற முறையைப் பின்லாந்து 2008-லிருந்து நாடு முழுவதும் கடைப்பிடிக்கிறது. தெருவில் இருந்தவருக்கே முதலில் நிலையான வீட்டைக் கொடுத்தார்கள். சிகிச்சை, வேலை எல்லாம் அதன்பின். அங்கே வீடில்லாதவர் எண்ணிக்கை பல வருடங்கள் குறைந்துகொண்டே வந்தது. கால் ஊன்ற இடம் கிடைத்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும் என்று தையல் எந்திரத்தின் முன் நாள் முழுக்க உட்காரும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி, திங்கட்கிழமை ஒரு அரைநாள் விடுப்புப் போட்டு அக்காவோடு நீங்களும் போங்கள். பேசுவது அக்காவாக இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து யாரைப் பார்த்தோம், என்ன தேதி, என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இல்லை என்று சொன்னால் கோபப்படாமல் "அதை எழுத்தில் தாருங்கள், மேல்முறையீடு செய்ய எத்தனை நாள் அவகாசம்?" என்று மட்டும் கேளுங்கள். அந்தத் தாளோடு இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். போகும் வழியில் எங்காவது தடைபட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். இந்த முறை நாட்டையும் ஊரையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்